இரண்டு விநாடி கரண்ட் போனால் என்ன ஆகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் யுபிஎஸ் வாங்கினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று உடனே பதில் வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் முடித்து, சாப்ட்வேர் வேலையில் ஆறு ஆண்டு ஓட்டியவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது. சென்ற ஆடி மாதம், ராதாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு விநாடி கரண்ட் போய் வந்தது. அதில் ஒரு மெமரி கார்டும் ஒரு போர்வெல் மோட்டாரும் போயின. அறுபது வயதைக் கடந்த அம்மா ஐந்து நாள் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்.

அந்த இரண்டு விநாடியில் என்ன நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தேன் என்பதை இங்கு விளக்குகிறேன். வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பல விஷயங்கள் பொருந்தும்.

முதலில் எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சென்னையில் வேலை. அப்பா காலமான பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். மோட்டார் ஸ்விட்ச் பின்கட்டில் இருக்கிறது. தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க மாடி ஏற வேண்டும். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே ஒரு சின்னக் கம்ப்யூட்டரிடம் அந்த வேலையை ஒப்படைத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஆனால் முழுமையான கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதிலாக, மொபைல் போனில் போடும் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகினால் போதும். அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்னும் இலவச சாப்ட்வேரை நிறுவியிருந்தேன். பவுலஸ் ஸ்கவுட்சென் என்பவர் 2013-ல் தொடங்கிய இந்த சாப்ட்வேர், வீட்டிலுள்ள விளக்கு, மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும். மாடித் தொட்டியில் உள்ள சென்சார் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும். குறைந்தால் கம்ப்யூட்டர் மோட்டாரைப் போடும். நிறைந்தால் நிறுத்தும். மோட்டார் பெட்டியில் உள்ள ஒரு வைஃபை ரிலே இந்த உத்தரவுகளைக் கேட்டு நடக்கும். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று இரவு ஒன்பது மணி இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பேய்க் காற்று. ட்யூப் லைட் மங்கி, கண் சிமிட்டி, மறுபடி எரிந்தது. அம்மா அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை என்கிறார். அவ்வளவுதான் மின்தடை. ஆனால் அதற்குள் ரிலே ஒரு தடவை செத்துப் பிழைத்துவிட்டது. பிழைத்ததும் தான் கடைசியாக எந்த நிலையில் இருந்தோம் என்று பார்த்து, ஆனில் இருந்தோம் என்று கண்டு, மோட்டாரைப் போட்டது. அப்படிச் செய்யச் சொல்லி செட் செய்திருந்தது நான்தான். மோட்டாரை நிறுத்த வேண்டிய கம்ப்யூட்டரோ எழவே இல்லை. கார்டில் இருந்த பைல் சிஸ்டம் கெட்டு, பூட் ஆக மறுத்து நின்றுவிட்டது.

தொட்டி நிறைந்தது. வழிந்தது. காற்றுச் சத்தத்தில் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிய பிறகும் மோட்டார் விடியும்வரை வெறுமனே ஓடியிருக்கிறது. காலையில் போன் வந்தது. "எய்யா, மோட்டாரு உறுமுது, தண்ணி வரல." எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "காயில் வெந்துட்டு தம்பி" என்றார். நான்கு ஆட்களை வைத்துக் குழாயை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்க ஐந்து நாள் ஆனது. செலவை விடுங்கள். அம்மா சொன்னதுதான் உறைத்தது. "அந்தப் பொட்டிய கழட்டிருய்யா. நானே சுவிச்ச போட்டுக்கிடுதேன்."

கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே ஏன்?

"உங்க ஊரிலேயே அணுமின் நிலையம், சுற்றிலும் காற்றாலை, அப்புறம் எப்படி கரண்ட் போகும்?" என்று சென்னை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூடங்குளம் எங்கள் ராதாபுரம் தாலுகாவில்தான் இருக்கிறது. அங்குள்ள முதல் உலை 2013 அக்டோபரில் மின் தொகுப்புடன் இணைந்தது. 2014 டிசம்பர் 31 அன்று வணிக ரீதியாக உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாவது உலை 2017-ல் அதே நிலைக்கு வந்தது. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஆனால் அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட் லைன்களில் ஏறி, எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே நெடுந்தூரம் போய்விடும். எங்கள் வீட்டுக்கு வருவது, எங்கிருந்தோ படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட் லைனாகி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் ஆகி வரும் மின்சாரம். நெடுஞ்சாலை ஊர் வழியாகப் போனாலும் வீட்டுக்கு வர முடுக்கு வழியாகத்தான் வர வேண்டும் அல்லவா? தடங்கல் எல்லாம் அந்த முடுக்கில்தான்.

காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் இங்கு எதிரி. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து எங்கள் பக்கம் பாயும். மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, காற்று மட்டும் வரும். பனை ஓலை லைனில் உரசும். தொய்ந்த இரண்டு கம்பிகள் ஆடி ஒன்றோடொன்று தட்டும். அந்த நொடி பெரிய மின்னோட்டம் பாய்ந்து வோல்டேஜ் சரியும். துணை மின் நிலையத்தின் பாதுகாப்புக் கருவி லைனைத் துண்டிக்கும். ஆட்டோ ரீகுளோசர் என்னும் கருவி உள்ள லைன்களில் சில விநாடி கழித்து அதுவே மறுபடி இணைத்துப் பார்க்கும். ஓலை விலகியிருந்தால் கரண்ட் நிற்கும். இல்லையென்றால் மறுபடி துண்டிக்கும். இது பழுது இல்லை. ஒரு ஓலை உரசியதற்காக ஊரே இரவு முழுவதும் இருட்டில் கிடக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. மனிதர்களுக்கு நல்லது. கம்ப்யூட்டருக்குத்தான் ஆகாது.

நான் பத்தாவது படித்த 2012-ல் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது இந்த ஏற்பாடு இருந்திருந்தால் மோட்டார் தப்பித்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. நீண்ட மின்வெட்டும் திடீரென்றுதான் தொடங்குகிறது. கம்ப்யூட்டருக்கு விழும் அடி அதேதான். ஆனால் மோட்டாரும் சேர்ந்து செத்துக் கிடக்கும். கரண்ட் வரும்போது வீட்டில் யாராவது "கரண்ட் வந்துட்டு" என்று எழுந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். சிமிட்டல் மின்தடையில் யாரும் எழுவதில்லை. ரிலே இரண்டு மூன்று விநாடியில் எழுந்துவிடும். கம்ப்யூட்டர் எழ ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ரௌட்டர் எழ இன்னும் கூடுதலாகும். மேஸ்திரி எழுவதற்கு முன் வேலையாள் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறான்.

இன்வெர்ட்டர் இருந்துமா?

ராஸ்பெரி பை இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்தது. பிறகு ஏன் அணைந்தது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வார இறுதி தேவைப்பட்டது.

பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் பின்புறமோ முன்புறமோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது எக்கோ என எழுதியிருக்கும். யுபிஎஸ் நிலையில் வைத்தால், வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கியவுடன் பேட்டரிக்கு மாறிவிடும். மாறும் நேரமும் குறைவு. நார்மல் நிலையில் 100, 110 வோல்ட் வரை இறங்கினாலும் பேசாமல் இருக்கும். மாறவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் இது போதும். பேட்டரி அடிக்கடி வேலை செய்யாது என்பதால் இன்வெர்ட்டர் மாட்ட வருபவர்கள் நார்மலில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஐடிஐசி வரைகோடும், கரண்ட் அறவே இல்லாமல் கருவிகள் தாங்க வேண்டிய நேரம் என்று இந்த 20 மில்லி விநாடியைத்தான் குறிக்கிறது. அந்த நேரத்தைச் சமாளிக்க ஒவ்வொரு அடாப்டருக்குள்ளும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது ஒரு குட்டித் தொட்டி. வெளியே குழாய் நின்றாலும் உள்ளே இருப்பது கொஞ்ச நேரம் ஓடும்.

இங்கே ஒரு கணக்கு. கெப்பாசிட்டரில் நிற்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, கால்வாசி ஆகிறது. என் மலிவு விலை அடாப்டரில் இருந்தது 10 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர். ராஸ்பெரி பை 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 230 வோல்ட் இருக்கும்போது கரண்ட் போனால் ஏறத்தாழ 75 மில்லி விநாடி தாங்கும். ஆனால் வோல்டேஜ் முதலில் 160-க்குச் சரிந்து, அதன்பின் போனால் 33 மில்லி விநாடிதான். நார்மல் நிலையில் உள்ள இன்வெர்ட்டர் மாறி முடிப்பதற்குள் இந்தக் குட்டித் தொட்டி வற்றிவிடும். காற்றுக் காலத்தில் வோல்டேஜ் சரிந்துவிட்டுத்தான் போகும் என்பதை மேலே பார்த்தோம். எட்டு மாதம் ஓடியது ஆடியில் ஏன் விழுந்தது என்பதற்கு இதுதான் பதில். (அடாப்டரை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். கழற்றி வைத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் கையைச் சுண்டும்.)

எனவே இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு. உங்கள் இன்வெர்ட்டரில் அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இன்வெர்ட்டர் லைனில் கம்ப்யூட்டர் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடவும்.

கார்டு ஏன் கெட்டது?

வேர்ட் பைலை சேவ் செய்யும்போது கரண்ட் போனால் அந்த பைல் கெடலாம். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் என் கார்டில் கெட்டது எழுதிக்கொண்டிருந்த பைல் இல்லை. எப்போதோ எழுதி முடித்த சிஸ்டம் பைல்கள். எப்படி?

மெமரி கார்டு ஒரு பழைய காலத்துக் கணக்கப்பிள்ளை போல. அவருக்கு அடித்துத் திருத்தத் தெரியாது. பதிவேட்டில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால், அந்தப் பக்கம் முழுவதையும் வேறு தாளில் எழுதிவிட்டு, பழைய தாளைக் கிழித்துப் போடுவார். எந்தப் பக்கம் எந்தத் தாளில் இருக்கிறது என்று தனியாக ஒரு குறிப்பும் வைத்திருப்பார். இந்த வேலையின் நடுவில் விளக்கு அணைந்தால், நீங்கள் மாற்றச் சொன்ன வரி மட்டுமல்ல, அதே பக்கத்தில் சும்மா இருந்த மற்ற வரிகளும் தொலையும். குறிப்பே தொலைந்தால் பதிவேடு முழுவதும் போச்சு. இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் ஜர்னல் என்னும் முறையில் பாதியில் நின்ற வேலையைச் சரி செய்துகொள்ளும். ஆனால் கார்டுக்குள் நடக்கும் இந்தத் தாள் மாற்றம் அதற்குத் தெரியாது.

ஹோம் அசிஸ்டென்ட் ஓயாமல் எழுதும் சாப்ட்வேர். தண்ணீர் மட்டம், வெப்பநிலை, எந்த விளக்கு எப்போது எரிந்தது என எல்லாவற்றையும் எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுதி வைக்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கணக்கப்பிள்ளை பேனாவை எடுக்கிறார். விளக்கு அணைவது என்றாவது ஒருநாள் அந்த நேரத்தில் விழத்தான் செய்யும்.

பேக்கப் எடுத்திருந்தேனா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தேன். அதே கார்டில். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவன் கதைதான்.

மோட்டாரில் தொடங்கினேன்

இனி நான் செய்த மாற்றங்கள். பலரும் முதலில் பேட்டரி வாங்க ஓடுவார்கள். நானும் ஓடினேன். பிறகு யோசித்தேன். எந்தப் பேட்டரியும் ஒருநாள் கைவிடும். கம்ப்யூட்டர் செத்தாலும் மோட்டார் வேகக் கூடாது. அதுதான் முதல் வேலை.

விவசாயக் கிணறுகளில் பச்சை, சிவப்புப் பட்டன் வைத்த பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனால் அதன் உள்ளே இருக்கும் காயில் விட்டுவிடும். கரண்ட் வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். பல தலைமுறையாக இருக்கும் இந்த நல்ல பழக்கத்தைத்தான் நான் நவீனம் என்ற பெயரில் எடுத்துவிட்டிருந்தேன்.

என் ரிலேயில் இருப்பது டாஸ்மோட்டா என்னும் இலவச சாப்ட்வேர். அதன் கன்சோல் திரையில் மூன்று கட்டளைகள் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில், கட்டளைக்கும் எண்ணுக்கும் இடையே ஓர் இடம் விட்டு டைப் செய்திட வேண்டும். முதலாவது, பவர்ஆன்ஸ்டேட் 0. கரண்ட் வந்ததும் ரிலே எப்போதும் ஆஃப் நிலையில் எழும். இரண்டாவது, பல்ஸ்டைம் 1900. இதில் 100-ஐக் கழித்தால் வரும் 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம் ஓடியதும், யாரும் சொல்லாமலேயே ரிலே தன்னை அணைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எக்கேடு கெட்டாலும் மோட்டார் அரை மணிக்கு மேல் ஓடாது. எங்கள் தொட்டி இருபது நிமிடத்தில் நிறையும். உங்கள் தொட்டிக்கு எவ்வளவு என்று பார்த்து மாற்றிக்கொள்ளவும்.

மூன்றாவது கட்டளை, செட்ஆப்ஷன்65 1. இது காற்றடிக்கும் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். வைஃபை கருவிகள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. பாஸ்வேர்ட் மறந்துவிட்டால், கரண்ட்டைச் சில தடவை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டால் கருவி எல்லா செட்டிங்கையும் மறந்து புதிது போல் ஆகிவிடும். டாஸ்மோட்டாவில் ஆறு தடவை அணைத்து ஏழாவது தடவை விட்டுவிட வேண்டும். நல்ல வசதிதான். ஆனால் ஆடிக் காற்று இதைச் செய்தால்? வரவேற்பறையில் இருக்கும் ஸ்மார்ட் பல்பு சில காலைகளில் காரணமில்லாமல் வேகமாகச் சிமிட்டிக்கொண்டு, வைஃபையிலிருந்து விலகி நிற்கும். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கினேன். அதுவும் அப்படியே சிமிட்டியது. கெட்டது பல்பு இல்லை. இரவில் கரண்ட் வந்து வந்து போனதை யாரோ ரீசெட் செய்கிறார்கள் என்று அது எடுத்துக்கொண்டது. செட்ஆப்ஷன்65-ஐ 1 என்று வைத்தால் ரிலேயில் இந்த வசதி அணைந்துவிடும். என் பல்பில் அதற்கு வழியில்லை. அதைக் கழற்றி சாதா பல்பு மாட்டிவிட்டேன்.

இவற்றோடு எலக்ட்ரீசியன் அண்ணாச்சி இரண்டு வேலை செய்தார். ரிலே நேரடியாக மோட்டாரைப் போடாமல், ஒரு கான்டாக்டரைப் போடும்; கான்டாக்டர் மோட்டாரைப் போடும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொண்டால் எந்த சாப்ட்வேராலும் அணைக்க முடியாது. அடுத்து, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு. கூடவே சுவரில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு மாற்று ஸ்விட்ச். மேனுவலில் வைத்தால் என் கம்ப்யூட்டர் இருப்பதே மோட்டாருக்குத் தெரியாது. 230 வோல்ட் சம்பந்தப்பட்ட இந்த வேலைகளை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

இப்போது பேட்டரி

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய 2020-க்குப் பிறகு ரௌட்டருக்கான மினி யுபிஎஸ் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கைக்கடக்கமான பெட்டி. உள்ளே லித்தியம் பேட்டரிகள். இது 230 வோல்ட்டை உருவாக்குவதில்லை. ரௌட்டருக்கு வேண்டிய 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கும். பேட்டரி எப்போதும் வெளியே போகும் லைனோடு இணைந்தே இருக்கும் வகையில் அமைந்ததாக வாங்கினால், மாறும் நேரம் என்ற பேச்சே இல்லை.

எவ்வளவு நேரம் தாங்கும்? 2600 மில்லி ஆம்பியர் பேட்டரி மூன்று இருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்க, சுமார் 29 வாட் மணி. வீணாவது போக 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டருக்கு 8 வாட், ராஸ்பெரி பைக்கு 5 வாட், ஆக 13. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். நமக்கு வேண்டியது இரண்டு விநாடி. மினி யுபிஎஸ் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கைப் பெரும்பாலும் ரௌட்டர் மட்டும் என்று வைத்துத்தான் போட்டிருப்பார்கள், ஜாக்கிரதை.

ராஸ்பெரி பைக்கு 5 வோல்ட் வேண்டும். மினி யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி வாய் இருந்தாலும் அது தரும் ஆம்பியரைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4-க்கு 3 ஆம்பியர் தரும் சப்ளையும், ராஸ்பெரி பை 5-க்கு 5 ஆம்பியரும் பரிந்துரைக்கிறார்கள். போதாவிட்டால் திரையின் ஓரத்தில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். 5 வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். நான் 12 வோல்ட் வாயிலிருந்து, 5 வோல்ட்டாக மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் போர்டு வழியாகக் கொடுத்திருக்கிறேன்.

மொபைலுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க் போதாதா? பல பவர் பேங்குகள் சார்ஜ் ஆகும்போது வெளியே கொடுக்காது. கொடுப்பவற்றிலும், கரண்ட் போகும் நொடியில் ஒரு சின்ன வெட்டு விழும். மொபைலுக்கு அது தெரியாது. ராஸ்பெரி பை ரீஸ்டார்ட் ஆகிவிடும். எதற்காக வாங்குகிறோமோ அதே கோளாறு.

ரௌட்டரும் கூரையடியில் இருக்கும் பைபர் பெட்டியும் அதே மினி யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வைஃபை இல்லாமல் கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை. இன்னொன்று, ராஸ்பெரி பை 4-ல் கடிகார பேட்டரி கிடையாது. இன்டர்நெட்டைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொள்ளும். ரௌட்டர் எழும்வரை அது பழைய நேரத்தில் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு மோட்டார் போடு என்று சொல்லி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ராஸ்பெரி பை 5-ல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

கரண்ட் இரண்டு மணி நேரம் வராவிட்டால்? பேட்டரி தீருவதற்குள் கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆக வேண்டும். மினி யுபிஎஸ் எதுவும் சொல்லாது என்பதால் ஒரு தந்திரம் செய்தேன். பேட்டரி ஆதரவு இல்லாத சாதா பிளக் பாயின்ட்டில் ஒரு வைஃபை பிளக்கைச் சும்மா மாட்டி வைத்தேன். அது பதில் சொல்லாமல் ஒரு மணி நேரம் கடந்தால் வீட்டில் கரண்ட் இல்லை என்று பொருள். உடனே ஷட் டவுன். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஷட் டவுன் ஆகி, பேட்டரி முழுதும் தீருமுன் கரண்ட் வந்துவிட்டால், ராஸ்பெரி பை கரண்ட் போய் வந்ததையே அறியாமல் அணைந்தே கிடக்கும். அப்போது அம்மா அதன் வயரை ஒருமுறை பிடுங்கிச் செருக வேண்டும். இதற்கு இதைவிட நல்ல வழி இன்னும் எனக்கு அகப்படவில்லை.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு 600 விஏ யுபிஎஸ் போதும். லேசர் பிரின்டரை மட்டும் அதில் மாட்ட வேண்டாம். யுஎஸ்பி கேபிளுடன் வரும் யுபிஎஸ் வாங்கினால், கரண்ட் போனதை அதுவே கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

கார்டுக்குப் பதில் ஒரு சிறிய எஸ்எஸ்டி டிரைவ் போட்டேன். அதுவும் திடீர் மின்தடைக்கு முழுக்கத் தப்பித்ததல்ல. ஆனால் ஓயாமல் எழுதுவதைக் கார்டைவிட நன்றாகத் தாங்கும். டேட்டாபேஸில் எழுதும் இடைவெளியை ஐந்து விநாடியிலிருந்து முப்பதாக மாற்றினேன். பேக்கப்பைப் பொறுத்தவரை, ஹோம் அசிஸ்டென்ட்டின் 2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து, குறித்த நேரத்தில் தானாகவே பேக்கப் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பும் வசதி வந்துவிட்டது. அந்த பேக்கப் பூட்டப்பட்டது. திறக்கும் குறியீட்டை அச்செடுத்து அம்மாவின் ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. பிரிட்ஜ் பிளக்கைக் கழற்றினேன். அதன் கம்ப்ரஸர் நின்றால் சில நிமிடம் ஓய்வு வேண்டும். சோதனையில் அதைப் பலி கொடுக்கக் கூடாது. பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்து, இரண்டு எண்ணி, போட்டேன். இருபது தடவை. அம்மா கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து பச்சை விளக்கைப் பார்த்து, "இருக்கு... இருக்கு..." என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். இருபதிலும் இருந்தது. மோட்டாரை ஓடவிட்டு ஒரே ஒருமுறை அணைத்துப் போட்டோம். மோட்டார் நின்றது. நின்றபடியே இருந்தது. அரை நிமிடம் கழித்து, தொட்டி நிறையவில்லை என்று பார்த்து, கம்ப்யூட்டர் அதை மறுபடி போட்டது. அந்த அரை நிமிடக் காத்திருப்பை நான்தான் எழுதிச் சேர்த்தேன். வோல்டேஜ் நிலைக்கட்டும் என்று.

மினி யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வாங்கிய தேதியை அதன் மேல் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது அந்த மெயின் ஸ்விட்ச் சோதனையை மறுபடி செய்கிறோம்.

மற்ற நாட்களில் அம்மா மோட்டாரை ஆட்டோவில் விட்டுவிடுகிறார். காற்று பலமாக இருக்கும் இரவுகளில் மட்டும், படுக்கப் போகுமுன் பின்கட்டுக்குப் போய் ஸ்விட்சை மேனுவலுக்குத் திருப்பிவிடுகிறார். நான் அதை வேண்டாம் என்று சொல்வதில்லை.